வாழாவெட்டி யார்?

ஐந்தெழுத்து மந்திரத்தைப் பற்றிக் கேள்விப்பட்டிருப்பீர்கள், தோழர்களே! ஐந்தெழுத்துச் சாபம் ஒன்றும் நம் நாட்டிலே உண்டு. 'வாழாவெட்டி' என்பது அதன் பெயர். கணவன் வீட்டைவிட்டுத் தாய்வீடு திரும்பிய பெண்ணின் நெற்றியில், அவள் அனுமதியைக் கேளாமலே ஊர் ஒட்டிவிடும் முத்திரை அது.

அந்தச் சொல்லைச் சற்றே பிரித்துப் பாருங்கள். மணமான பெண்ணை 'வாழ்க்கைப்பட்டவள்' என்கிறோம். மருமகளை 'வாழ வந்தவள்' என்கிறோம். அவள் திரும்பிவிட்டாலோ, 'வாழாமல் வந்துவிட்டாள்' என்கிறோம். ஆக, நம் பேச்சு வழக்கின்படி, பெண்ணுக்கு வாழ்வு என்பது ஓர் இடத்தின் பெயர். கணவனின் கூரைக்குக் கீழ் உள்ள இடம். அங்கே அடி விழலாம், பசி இருக்கலாம், வசை மழை பொழியலாம்; இருந்தால் அது வாழ்வு! வெளியே வந்து, உழைத்து உண்டு, நிம்மதியாய் உறங்கினால் அது வாழாமை! இப்படி ஓர் அகராதியை எழுதியது யார்? இன்றும் அதைப் புரட்டிக்கொண்டிருப்பது யார்?

மற்றவரைக் குற்றவாளிக் கூண்டில் ஏற்றுமுன், நான் ஏறிவிடுகிறேன்.

திண்டுக்கல் பேருந்து நிலையம். ஆறு ஆண்டுகளுக்கு முன், ஒரு வைகாசிப் பிற்பகல். என் தமக்கை நின்றுகொண்டிருந்தாள்; அருகே அவள் பெட்டியைத் தூக்கிக்கொண்டு நான். ஒட்டன்சத்திரத்துக்கு அப்பால் ஒரு சிற்றூரில் வாழ்க்கைப்பட்டவள், பத்து நாட்களுக்கு முன் வீங்கிய கன்னத்தோடு வந்து சேர்ந்தாள். தந்தை சொன்னார்: "அடிக்கிற கைதாம்மா அணைக்கும். பொறுத்துப் போ." தாய் சொன்னாள்: "உனக்குப் பின்னாலே ஒருத்தி இருக்காளே, அவளை யார் கட்டுவா?" நான் என்ன சொன்னேன்? ஒன்றுமே சொல்லவில்லை. அதற்கு முந்தைய வாரந்தான், கல்லூரி மேடையிலே, 'பெண் விடுதலை' என்னும் தலைப்பில் முழங்கிக் கைதட்டல் பெற்றிருந்தேன். முழங்கிய வாய் மூடிக்கொண்டது. கை மட்டும் பெட்டியைத் தூக்கியது.

பேருந்து புறப்பட்டது. வெகுநேரம் சாளரத்துக்கு வெளியே பார்த்திருந்தவள், என் பக்கம் திரும்பாமலே கேட்டாள்: "தம்பி, அன்னிக்கு மேடையிலே பேசினியே, அது யாருக்குடா?"

அந்தக் கேள்விக்கு அன்று என்னிடம் விடையில்லை. இக்கட்டுரை, காலந்தாழ்ந்த விடை.

★

திருமணம் மனிதரை வாழ்விக்கிறதா? மணவிலக்கு மனிதரைக் கெடுக்கிறதா? மேடைதோறும் பட்டிமன்றம் நடத்தத்தக்க தலைப்பு. வைதிகர் ஒருபுறம் நின்று, "மணவாழ்வே நல்வாழ்வு, பிரிவே பேரழிவு" என்பார். பதற்றக்காரர் மறுபுறம் நின்று, "மணமே விலங்கு, அறுத்தெறி" என்பார். பகுத்தறிவாளரோ, கூச்சலை ஒதுக்கிவிட்டு, ஆராய்ந்தவர் என்ன கண்டனர் என்று கேட்பார். கேட்போம்.

மணமானவர் சராசரியாக மணமாகாதவரைவிடக் கூடுதலான மனநிறைவைத் தெரிவிக்கின்றனர். இது பல நாடுகளில் கண்ட உண்மை. நமக்குச் சாதகமல்ல என்று அதை மறைக்க வேண்டியதில்லை. ஆனால், மணம் நிறைவைத் தந்ததா, நிறைவாய் இருந்தவர் மணம் புரிந்தனரா? ஜெர்மனியில் 24,000-க்கு மேற்பட்டோரைப் பதினைந்து ஆண்டுகள் தொடர்ந்து கேட்டறிந்த விவரங்களை, ரிச்சர்டு லூக்காஸ் என்னும் உளவியலாளரும் அவருடைய தோழர்களும் ஆராய்ந்து, 2003-இல் வெளியிட்டனர். மணத்தையொட்டி மகிழ்ச்சி சற்றே உயர்கிறது. சில ஆண்டுகளில், சராசரியாகப் பார்த்தால், பழைய நிலைக்கே திரும்பிவிடுகிறது. சிலருக்கு உயர்ந்தே நிற்கிறது. சிலருக்கு முன்னிருந்ததைவிடத் தாழ்ந்துவிடுகிறது. மேளம் ஒன்றுதான், மாலை ஒன்றுதான்; விளைவு மட்டும் ஒன்றல்ல. ஏன்? இன்பம் தருவது மாலையன்று. மாலை சூட்டிய கை, மறுநாள் முதல் என்ன செய்கிறது என்பதே.

மணவிலக்கு? அதையும் அதே லூக்காஸ் 2005-இல் ஆராய்ந்தார். மணவிலக்குப் பெற்றோரின் மனநிறைவு, தீர்ப்பு வந்த நாளில் இடிந்து விழவில்லை. அதற்குப் பல ஆண்டுகளுக்கு முன்பிருந்தே சரிந்துகொண்டு வந்திருக்கிறது. பிரிந்த பிறகு மெல்ல ஏறுகிறது. முழுதும் பழைய நிலையை எட்டிவிடுவதில்லை என்பதையும் அவர் சொல்கிறார். காயத்துக்குத் தழும்பு உண்டு. ஆனால், தழும்புக்குக் காரணம் மருத்துவன் கத்தியா, புரையோடிய புண்ணா? மணவிலக்கைத் துன்பத்தின் தொடக்கம் என்று நாம் எண்ணுகிறோம். பெரும்பாலும் அது, துன்பத்தை மற்றவர் முதன்முதலாகக் காணும் நாள், அவ்வளவே!

இவற்றினும் முதன்மையானது ஒன்று உண்டு. அமெரிக்காவில், 1970-களை ஒட்டி, ஒருவர் விரும்பினாலே மணவிலக்குப் பெறலாம் என்னும் சட்டத்தை மாநிலங்கள் ஒவ்வொன்றாகக் கொண்டுவந்தன. அதன் விளைவை பெட்சி ஸ்டீவன்சன், ஜஸ்டின் வுல்ஃபர்ஸ் என்னும் பொருளியலாளர் இருவர் கணக்கிட்டு, 2006-இல் வெளியிட்டனர். அச்சட்டம் வந்த மாநிலங்களில், பெண்களின் தற்கொலை நூற்றுக்கு 8 முதல் 16 வரை குறைந்தது. இல்லற வன்முறை ஏறத்தாழ நூற்றுக்கு 30 குறைந்தது.

இதன் பொருளை ஊன்றிப் பாருங்கள். வன்முறை குறைந்தது, பிரிந்து சென்ற வீடுகள் காலியானதால் மட்டுமன்று. பிரியாமல் சேர்ந்தே வாழ்ந்த வீடுகளிலும் குறைந்தது. ஏன்? "இவள் எங்கே போய்விடுவாள்?" என்னும் இறுமாப்புத்தான் ஓங்கும் கைக்கு வலிமை. போகக்கூடும் என்று தெரிந்த அன்றே கை தயங்குகிறது; நாக்கு அடங்குகிறது. திறக்கத்தக்க கதவு, திறக்கப்படாத போதும் உள்ளே இருப்பவரைக் காக்கிறது!

பூட்டுக்குப் பெயர்பெற்ற ஊர்க்காரன் நான். திண்டுக்கல் பூட்டுக்கு 2019-இல் புவிசார் குறியீடும் கிடைத்தது. நாகல்நகரிலே ஒரு பூட்டுத் தொழிலாளியைக் கேட்டுப் பாருங்கள், சாவியில்லாப் பூட்டு செய்வானா என்று. நகைப்பான். சாவி உள்ளவரைதான் அது பூட்டு, வீட்டுக்குக் காவல். சாவி இல்லையேல் அது வெறும் இரும்பு, வீடு சிறை. மணமும் அப்படியே.

★

"மணவிலக்கு மேல்நாட்டுச் சரக்கு, நம் பண்பாட்டுக்கு ஒவ்வாதது" என்பார் உளர். எந்தப் பண்பாடு? யாருடைய பண்பாடு?

பொய்யும் பிழையும் தோன்றிய பின்னரே மணச்சடங்கு வகுக்கப்பட்டது என்று தொல்காப்பியமே கூறுகிறது. சடங்கு வானிலிருந்து விழவில்லை, மனிதர் வகுத்தது. வகுத்தவர் மாற்றவும் கூடும். மதுரை, திண்டுக்கல் வட்டாரத்து உழைக்கும் மக்கள் பலரிடையே, ஒத்துவராத உறவைத் தீர்த்துக்கொள்ளும் வழக்கம் நெடுங்காலமாய் இருந்தது. ஊரார் முன்னிலையில் ஒரு துரும்பைக் கொடுத்து உறவை முடித்துக்கொண்டவர்களும் உண்டு. தீர்ந்தபின் பெண் மறுமணம் செய்துகொள்வாள். வானம் இடிந்து விழவில்லை. 1955-ஆம் ஆண்டின் இந்துத் திருமணச் சட்டமுங்கூட, அத்தகைய வழக்காற்று மணவிலக்கைச் செல்லாதென்று தள்ளாமல் ஏற்றுக்கொண்டது. ஆனால், அம்மக்களை மேட்டிமைக்காரர் என்ன சொல்லி இழித்தனர்? "அறுத்துக் கட்டுகிற சாதி!" கையிலே சாவி வைத்திருந்தவனைப் பார்த்து, சாவியைத் தொலைத்தவன் சிரித்த கதை இது. அதனினும் கொடுமை, அந்தச் சிரிப்புக்கு அஞ்சி, நம்மவரும் சாவியைக் கிணற்றிலே எறிந்துவிட்டு, "நாங்களும் உயர்ந்துவிட்டோம்" என்றது!

பழைய வழக்கைப் பொற்காலம் என்று போற்றவும் வேண்டாம். துரும்பு, பெரும்பாலும் ஆணின் கையில்தான் இருந்தது; பஞ்சாயத்துத் திண்ணையில் பெண்ணுக்கு இடமில்லை. அதனாற்றான், ஊர் வழக்கம் போதாது, உரிமையாக வேண்டும் என்றனர் சீர்திருத்தம் பேசியோர். 1929 பிப்ரவரியில் செங்கற்பட்டில் கூடிய முதலாவது சுயமரியாதை மாநாடு, ஆணைப்போலவே பெண்ணுக்கும் மண உறவை முடித்துக்கொள்ளும் உரிமை வேண்டுமென்று தீர்மானித்தது. பெரியாரின் 'பெண் ஏன் அடிமையானாள்?' என்னும் நூலில் ஓர் அத்தியாயத்தின் தலைப்பு என்ன தெரியுமா? 'கல்யாண விடுதலை'! முறிவு என்றோ இழப்பு என்றோ அல்ல. விடுதலை என்றே அதற்குப் பெயர்.

சட்டமும் படிப்படியாய் நடந்து வந்தது. 1949-இல் சென்னை மாகாணம் இருதார மணத்தைத் தடுத்து, மணவிலக்குக்கு வழிகண்டது. 1955-இல் நாடு முழுதுக்கும் இந்துத் திருமணச் சட்டம். 1967-இல் அண்ணா தலைமையிலான அரசு, புரோகிதமற்ற சுயமரியாதைத் திருமணங்களைச் செல்லுபடியாக்கும் சட்டத்தை நிறைவேற்றியது. 1976-இல், இருவரும் இசைந்தால் பிரியலாம் என்னும் பிரிவு வந்தது. அதில் உள்ள ஆறுமாதக் காத்திருப்பையும், தக்க நேர்வில் தளர்த்தலாம் என்று 2017-இல் உச்சநீதிமன்றம் உரைத்தது.

★

சாவி செய்தாயிற்று. கதவு ஏன் திறக்கவில்லை?

2011-ஆம் ஆண்டின் மக்கள்தொகைக் கணக்கைப் பாருங்கள். இந்தியாவில் மணவிலக்குப் பெற்றோர் சுமார் 13 இலட்சத்து 60 ஆயிரம். மணவிலக்குப் பெறாமலே பிரிந்து வாழ்வோரோ, ஏறத்தாழ அதைப்போல் மும்மடங்கு! அவிழ்க்கவும் இல்லை, கட்டவும் இல்லை என்று தொங்கிக்கொண்டிருக்கும் வாழ்க்கைகள். இவர்கள் கணக்கில் வந்தவர்கள். பிரியவும் முடியாமல், ஒரே கூரையின்கீழ் ஒடுங்கிக் கிடப்போர் எத்தனை பேர்? 2019-21-இல் நடந்த தேசியக் குடும்பநல ஆய்வின்படி, தமிழ்நாட்டில் 18 முதல் 49 வயது வரையுள்ள மணமான பெண்களில், நூற்றுக்கு 38 பேர் கணவனின் வன்முறைக்கு ஆளானவர்கள். 2021-ஆம் ஆண்டில் இந்தியாவில் தற்கொலை செய்துகொண்ட பெண்கள் 45,000-க்கு மேல். அவருள் பாதிக்கு மேற்பட்டோர் இல்லத்தரசிகள். எல்லாச் சாவுக்கும் மணமே காரணம் என்று நான் சொல்லவில்லை. ஆனால், "மணவிலக்கு அதிகரித்தால் சமுதாயம் அழியும்" என்று அஞ்சுவோரே, மணவிலக்கு அரிதாய் உள்ள நாட்டிலே இத்தனை அழிவு ஏன்?

விடை, பொருளிலும் இருக்கிறது, சொல்லிலும் இருக்கிறது.

பொருளைப் பார்ப்போம். நம் சமவெளியின் நூற்பாலைகளில் 'சுமங்கலித் திட்டம்' என்று ஒன்று நடந்ததை அறிவீர்கள். கோவை, திருப்பூர், ஈரோடு, திண்டுக்கல் பகுதிகளில், ஏழைச் சிறுமியர் மூன்றாண்டு ஆலை விடுதியிலே அடைபட்டு நூல் நூற்க, முடிவிலே முப்பதாயிரமோ ஐம்பதாயிரமோ மொத்தமாய்க் கொடுப்பதாக வாக்களித்த திட்டம். எதற்காக அந்தத் தொகை? படிப்புக்கா? நிலத்துக்கா? இல்லை, வரதட்சணைக்கு! பெயரே சொல்கிறதே, சுமங்கலி என்று! மூன்றாண்டு உழைப்பை முடிந்து எடுத்துச் சென்று மாப்பிள்ளை கையிலே கொடுத்துவிட்டு, வெறுங்கையோடு உள்ளே நுழைகிறவள், நாளை எதை நம்பி வெளியே வருவாள்? தன் விலங்குக்குத் தானே விலை கொடுத்தவளல்லவா அவள்!

எதிர்ப்புறம் பாருங்கள். கேரளத்தின் திருவனந்தபுரம் மாவட்டத்தில் பிரதீப் பாண்டா, பீனா அகர்வால் இருவரும் நடத்திய ஆய்வு 2005-இல் வெளிவந்தது. சொத்து ஏதுமில்லாப் பெண்களில், நூற்றுக்கு 49 பேர் கணவனிடம் அடிபட்டவர்கள். நிலமும் வீடும் தம் பெயரில் உடையவரில், நூற்றுக்கு 7 பேர் மட்டுமே. அடிக்கும் கையைத் தடுத்தது, அணைக்கும் என்ற பழமொழியன்று. பட்டாவில் இருந்த பெயர்! பெண்ணுக்குச் சொத்தில் சம உரிமை என்று தமிழ்நாடு 1989-இல் சட்டம் செய்ததன் அருமை இங்கேதான் விளங்குகிறது. நகையும் சீரும் கொடுத்தாயிற்று என்று சொல்லி, மகளிடம் விடுதலைப் பத்திரத்திலே கையொப்பம் வாங்கும் தந்தையர், அவள் திரும்பி வரும் பாதையை அன்றே அடைத்துவிடுகின்றனர்.

★

"பிள்ளைகள் என்ன ஆவார்கள்?" இக்கேள்வியை எள்ளி நகையாட மாட்டேன். நான் பள்ளி ஆசிரியன். நாள்தோறும் என் முன் அமர்ந்திருப்பது இக்கேள்விதான்.

என் வகுப்பில் ஒரு சிறுவன், முதல் பாடவேளையிலேயே உறங்கி விழுவான். சோம்பல் என்றெண்ணிக் கடிந்தேன். பிறகு தெரிந்தது, வீட்டிலே நள்ளிரவு வரை சண்டை. அம்மாவுக்கும் அப்பாவுக்கும் நடுவே நின்று தடுப்பது அவன் வேலை. தாயும் தந்தையும் சேர்ந்து வாழும் 'நல்ல குடும்பம்' என்று ஊர் அதைச் சொல்கிறது. பதினொரு வயதுப் பிள்ளை, காவல்காரன் வேலை பார்க்கும் குடும்பம்!

பால் அமாட்டோ, ஆலன் பூத் என்னும் அமெரிக்கச் சமூகவியலாளர் இருவர், பல்லாண்டு ஆராய்ந்து 1997-இல் வெளியிட்ட முடிவு, இருதரப்பாரும் கேட்கத்தக்கது. ஓயாத சண்டை நிறைந்த மணம் முறியும்போது, பிள்ளைகள் நன்மையே அடைகின்றனர். பெரிய பூசலில்லாத மணம் முறியும்போதோ, பிள்ளைகள் துன்புறுகின்றனர். ஆகவே, மணவிலக்கு விளையாட்டன்று. சிறு மனத்தாங்கலுக்கெல்லாம் நீதிமன்றத்துக்கு ஓடு என்று எவரும் சொல்லவில்லை. பேசித் தீரும் பிணக்கைப் பேசித் தீர்ப்பதே அறிவுடைமை. ஆனால், "பிள்ளைகளுக்காகப் பொறுத்துப் போ" என்பவரே, எந்தப் பிள்ளைக்காக? உறங்க முடியாத அந்தப் பிள்ளைக்காகவா?

இன்னொன்று: கதவு இருபுறமும் திறக்கும். பெண்ணைக் கைவிட்டுப் போக ஆணுக்கு அது வழியாகாதா? ஆகும். ஆகியும் இருக்கிறது. ஆனால், கைவிட விரும்பிய ஆண் எந்நாளில் சட்டத்துக்காகக் காத்திருந்தான்? சொல்லாமலே போய்விட்டவர் எத்தனை பேர்! கணவனால் கைவிடப்பட்டோருக்கு ஓய்வூதியம் என்று 1986-இல் தமிழ்நாடு அரசு திட்டமே வகுக்க வேண்டியிருந்தது. அவளைக் காப்பது, அவிழாத முடிச்சன்று. வாழ்க்கைப் பொருளுதவியும், வேலையும், வீடும், தலைநிமிர்ந்து தெருவிலே நடக்கும் உரிமையுமே.

பொறுமை நற்பண்பு என்பர். ஆம், விலகும் உரிமையுள்ளவன் விலகாது தாங்குவது பொறுமை. விலக வழியின்றித் தாங்குவதற்குப் பெயர் வேறு. கட்டிப்போட்ட மாட்டைப் பொறுமைசாலி என்று யாரும் புகழ்வதில்லை. ஒருவரோடொருவர் வாழும் இருவர், போகலாம் என்று கதவு திறந்திருந்தும் போகாதிருக்கிறார்களே, அங்கேதான் அன்பு உண்டு என்று துணிந்து சொல்லலாம். அடைத்த கதவுக்குள் இருப்பது அன்பா, அச்சமா என்று அவர்களுக்கே தெரியாது. எனவே மணவிலக்குரிமை மணத்துக்குப் பகையன்று, மணத்தின் உரைகல்!

★

ஒரு மணம் முடிந்தால் வாழ்வே முடிந்தது என்பவர், திண்டுக்கல்லிலிருந்து மதுரைச் சாலையில் சிறிது தொலைவு வரட்டும். காந்திகிராமம் தெரியும். அதை 1947-இல் நிறுவியவர்களில் முதன்மையானவர் டாக்டர் சௌந்தரம். செல்வர் குடும்பத்திலே பிறந்து, சிறுவயதிலே மணமாகி, இளமையிலே கணவனை இழந்தவர். அவர் குலத்து வழக்கப்படி, அவர் வாழ்வு அன்றே முடிந்திருக்க வேண்டும். முடியவில்லை. மருத்துவம் படித்தார். 1940-இல், சாதி கடந்து இராமச்சந்திரனை மணந்தார். மருத்துவமனை கண்டார், கல்விக்கூடம் கண்டார். ஆத்தூரும் வேடசந்தூரும் அவரைச் சட்டமன்றத்துக்கு அனுப்பின. 1962-இல் திண்டுக்கல் நாடாளுமன்றத்துக்கு அனுப்பியது. கல்வித்துறைத் துணை அமைச்சரானார். அவர் காந்தியார் வழி வந்தவர். நம் வழி வேறு. அவர் நிலை கைம்மை, மணவிலக்கு வேறு. ஆயினும் பாடம் ஒன்றே: கணவனோடு முடிந்துவிடும் பொருளன்று, பெண்ணின் வாழ்வு. ஆனால், அவருக்குப் பின்னே செல்வம் இருந்தது, படிப்பு இருந்தது, துணைநின்ற குடும்பம் இருந்தது. அவை இல்லாத ஆயிரக்கணக்கானவருக்கு என்ன இருக்கிறது? நாம் இருக்கிறோமா?

என் தமக்கையை நான் இருமுறை கொண்டுபோய் விட்டேன். மூன்றாம் முறை, எவரும் அழைக்காமலே, இரவுப் பேருந்தில், கைக்குழந்தையோடு வந்தாள். இடக்கை மணிக்கட்டு முறிந்திருந்தது. அன்று பெட்டியை வீட்டுக்குள்ளே எடுத்து வைத்தேன். தந்தை ஏதோ சொல்ல வாயெடுத்தார். "இனி நான் தூக்கமாட்டேன், அப்பா" என்றேன். என் வாழ்வில் நான் பேசிய சிறிய சொற்பொழிவு அதுதான், கைதட்டல் இல்லை.

மணவிலக்குக் கிடைத்தது. சின்னாளபட்டியில் தையல் தைத்துப் பிழைக்கிறாள். அவள் வாழ்வு இன்பமயம் என்று பொய்யுரைக்க மாட்டேன். வாடகை நாளில் முகம் வாடுகிறது. தெருவில் வளைகாப்பு நடந்தால் அவளுக்கு அழைப்பில்லை. சில இரவுகள் தனிமை அழுத்துகிறது. ஆனால், கதவு தட்டப்பட்டால் இப்போது அவள் திடுக்கிடுவதில்லை. குழந்தை அயர்ந்து உறங்குகிறது. அண்மையில் சொன்னாள்: "அங்கே இருந்த வலி அவன் கொடுத்தது; இங்கே இருக்கிற வலி ஊர் கொடுக்கிறது. ஊர் நினைச்சா இதை நிறுத்தலாமே, தம்பி."

தோழர்களே! ஊர் என்பது யார்? நீங்களும் நானுந்தான். சட்டம் செய்ய வேண்டியதில் பாதியைச் செய்துவிட்டது. மீதியைச் செய்யச் சட்டமன்றம் வேண்டியதில்லை. தமக்கையின் பெட்டியை வீட்டுக்குள் எடுத்து வையுங்கள். தங்கையின் பங்கை அவள் பெயரிலே எழுதுங்கள். உங்கள் மணமேடையில், வாழ்த்துரைக்க அவளை முதலிலே அழையுங்கள். அந்த ஐந்தெழுத்தை உங்கள் நாவிலிருந்து நீக்குங்கள்.

அன்பின்றி ஆண்டுக்கணக்கில் ஒரே கூரையில் அஞ்சிக் கிடப்பவர் வாழவில்லை. அவரை அங்கே திருப்பி அனுப்பிவிட்டு, 'குடும்பம் காத்தோம்' என்று மார்தட்டும் நாமும் வாழவில்லை. வெளியே வந்து, தன் கையால் தைத்த துணியை உடுத்தி, தன் குழந்தையை அணைத்து உறங்குகிறாளே, அவள் வாழ்கிறாள்.

வாழாவெட்டி யார்? அன்று பேருந்து நிலையத்திலே பெட்டியைத் தூக்கிக்கொண்டு நின்றானே, அவன்!